அவன் கைகாட்டிய பக்கம்

அக்டோபர் 17, வியாழன்

மழை இல்லை. சோறு குழைந்துவிட்டது. ஊறுகாய் பாட்டிலை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வந்த புண்ணியவான் என் வீட்டுக்காரன் மாதேஷ். கேட்டால், "குழைஞ்ச சோத்துக்கு ஊறுகா இன்னாத்துக்கு?" என்கிறான்.

ஆற்றைப் பற்றிக் குறித்துவைக்கத்தான் இந்த நனையாத தாள் நோட்டு. கூரனாற்றில் எங்களுக்குத் தெரிந்து இதுவரை யாரும் கயாக் என்ற ஒற்றையாள் படகை இறக்கியதில்லை. மேலே காட்டில் தொடங்கி, கீழே ஏலத்தோட்டத்துப் பாலம் வரைக்கும் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவில் தண்ணீர் விழுந்து எழுந்து விழுந்து ஓடுகிறது. இறங்கிவிட்டால் ஏறி வர வழி கிடையாது, பாலம் வரை போயே ஆக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஜீப் நிற்கும். மூன்று பேராக வருவதாக இருந்தது. கூட்டாளி அன்வருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. துலா மழை பிடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கிவிட்டோம்.

இன்று முழுக்க நல்ல ஓட்டம். மாதேஷ் முன்னால் இறங்குவான். கீழே ஓரத்தில் தண்ணீர் அடங்கிக் கிடக்கும் இடத்தில் ஒதுங்கிக்கொண்டு, மேலே இருக்கும் எனக்குச் சைகை காட்டுவான். மேலிருந்து பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அவன் கை மட்டும்தான் தெரியும். அதனால் கயாக்கில் ஒரு விதி உண்டு: ஆபத்தைக் கைகாட்டவே கூடாது. போக வேண்டிய வழியைத்தான் காட்ட வேண்டும். கை எந்தப் பக்கம் நீள்கிறதோ, படகு யோசிக்காமல் அந்தப் பக்கம் போகும்.

இவனோ ஒகேனக்கல்லில் பரிசல்காரன் மகன். இவன் குடும்பத்தில் பரிசலின் முன்னால் உட்காருகிறவன் பாறையைத்தான் காட்டுவான், துழாவுகிறவர் அதை விட்டு விலகித் திருப்புவார். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிய கை. கல்யாணமான நாளாக நான் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்று ஒரு சின்னச் சரிவில் மறுபடியும் பாறையைக் காட்டிவிட்டான். சின்ன இடம் என்பதால் தப்பித்தேன்.

"நீ பாறையக் காட்டினா நான் பாறைக்குத்தான் போவேன் மாது. எத்தனை வாட்டி சொல்லுதது?"

"கை தானா போயிடுச்சி ஜெனோ. இனிமே போவாது."

"போச்சுன்னா?"

"போச்சின்னா கைய வெட்டிக்கிறேன்."

"வெட்டிட்டு எதை வச்சுத் துடுப்புப் போடுவ? தோப்புக்கரணம் போடு."

ஹெல்மெட்டோடு மணலில் தோப்புக்கரணம் போட்டான். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லி என் மேலேயே சாய்ந்தான். ஆற்றைப் பற்றி எழுத வேண்டிய நோட்டில் இதை ஏன் எழுதுகிறேனோ தெரியவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

இடது கால் உடைந்துவிட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 19, சனி

அவன் போய்விட்டான். இப்போது எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நேற்று நண்பகல் வாக்கில் ஒரு வளைவு. அவன் இறங்கினான். பாறைக்குப் பின்னால் மறைந்து, பிறகு ஓரத்தில் அவன் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. கையை நீட்டினான். இடது பக்கம். சும்மா நீட்டவில்லை, தோளே கழன்றுவிடும் போல நீட்டி நீட்டிக் காட்டினான். இடது பக்கம் போனேன். அங்கே வெள்ளத்தில் விழுந்த மரம் ஒன்று ஆற்றின் பாதியை அடைத்துக் கிடந்தது. கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், மனுஷரை விடாது. அவன் அந்த மரத்தைக் காட்டியிருக்கிறான். மரத்தைப் பார்த்த பயத்தில் அவன் உடம்புக்குள் இருந்த பரிசல்காரன் எழுந்து மரத்தைக் காட்டிவிட்டான்.

படகு மரத்தில் முட்டி நடுவில் மடிந்தது. என் கால் உள்ளே. முகத்துக்கு மேல் தண்ணீர். அவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து, மடக்கு ரம்பத்தால் கிளையை அறுத்து என்னையும் படகையும் எடுத்தான். எடுத்தது உண்மை. அதை மறைக்கவில்லை. ஆனால் கரையில் மூச்சு வந்ததும் முதலில் அவன் கன்னத்தில்தான் அறைந்தேன். அவனையும் சொன்னேன், அவன் வம்சத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவன் என் காலுக்கு மரக்குச்சி வைத்துக் கட்டிக்கொண்டே அழுதான். அழட்டும்.

இருக்கும் இடம் ஒரு பாறைத் திட்டு. நாலு பேர் படுக்கலாம். பின்னால் பாறை, முன்னால் ஆறு. போன் நனைந்து செத்துவிட்டது. நனையாமல் இருந்திருந்தாலும் இந்தப் பள்ளத்தில் சிக்னல் ஏது.

இன்று காலை அவன் சொன்னான், "நான் பாலத்துக்குப் போயி ஆளுங்களக் கூட்டினு வரேன். மேப்புல பாத்தா கடைசிச் சரிவு ஒன்னுதான் பாக்கி. ஜீப்புக்காரரு இருப்பாரு."

நான் பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஜெனோ, ஒரு வார்த்த சொல்லு. போறேன்."

"போ. வழி தெரியாம நின்னா யாரையாவது கைகாட்டச் சொல்லு."

அதுதான் சொன்னேன். இனி இந்த ஜென்மத்தில் அவன் கைகாட்டுகிற பக்கம் போகப்போவதில்லை என்றும் சொன்னேன். அவன் வலி மாத்திரை, தீப்பெட்டி, அரிசி, கடலைமிட்டாய் எல்லாவற்றையும் என் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வைத்தான். தன் குளிர்சட்டையைக் கழற்றி என் தலைக்கு வைத்தான். படகில் ஏறினான். திரும்பிப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

யாரும் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைத் தலைக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறேன். அம்மா இந்நேரம் தூத்துக்குடியில் பூசைக்குப் போயிருப்பாள். எனக்காகவும் சேர்த்து மெழுகுவத்தி ஏற்றுவாள், எதற்கென்றே தெரியாமல்.

அரிசியைக் கழுவி வைத்தேன். விறகு நனைந்துவிட்டது. ஊறின அரிசியையே மென்றேன். கடலைமிட்டாயில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மடித்து வைத்தேன். அவனுக்காக ஒன்றுமில்லை. இனிப்பு எனக்குத் திகட்டும்.

கரையோரப் பாறையில் தண்ணீர் தொட்ட இடத்தில் கல்லால் கோடு கிழித்து வைத்திருக்கிறேன்.

கால் வலி உயிர் போகிறது.

அக்டோபர் 21, திங்கள்

கால் வலி குறைந்துவிட்டது. நல்லதுதான். விரல்கள் கறுப்பாக இருக்கின்றன, சேறு போலிருக்கிறது. மழைத்தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம். கால்கட்டிலிருந்து ஒரு வாடை வருகிறது, அது நனைந்த துணி.

வேலை செய்யாமல் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். மடிந்து கிடந்த படகை நல்ல காலால் உதைத்து உதைத்து நிமிர்த்தினேன். பக்கவாட்டில் ஒரு கீறல். குளிர்சட்டையால் துடைத்து, ஒட்டுநாடாவை மேலும் கீழுமாகச் சுற்றினேன். தம்ளரைக் கழுவினேன். துடுப்பைக் கழுவினேன். கழுவ வேறு ஒன்றும் இல்லை.

நேற்றுப் போட்ட கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே இன்னொன்று போட்டேன்.

சனிக்கிழமை போனவன். ஜீப் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், ஏன் வரவில்லை? விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தால் நன்றாகத்தான் இருந்தது. எங்கேயோ உட்கார்ந்து டீ குடிக்கிறான், பயந்துகொண்டு என் முன்னால் வரவில்லை, அவ்வளவுதான். அது மட்டும் நிஜமாக இருந்தால் அவனுக்கு ஒரு கும்பிடு போடுவேன். ஆனால் மாதேஷ் அப்படிப்பட்டவன் கிடையாது. கடையில் மீதிச் சில்லறை அதிகம் வந்துவிட்டால் ஊர் தாண்டித் திரும்பிப் போகிறவன்.

அப்படியானால் அந்தக் கடைசிச் சரிவு.

எழுதக் கூடாது என்று நினைத்தேன். ஐயோ மாது. ஒரு வார்த்தை சொல்லு என்றுதானே கேட்டாய். நான் என்ன சொல்லி அனுப்பினேன்! வாயில் புற்று வைக்க. மாதாவே, அவனை மட்டும் கொண்டுவந்து நிறுத்து. நான் எதுவும் கேட்கமாட்டேன். காலைக்கூடக் கேட்கமாட்டேன்.

மழை நிற்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

இரண்டாவது கோடும் போய்விட்டது. திட்டின் பாதி தண்ணீரில். அரிசிப் பையை ஆறு எடுத்துக்கொண்டது. நான் பின்பாறையோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். இன்று சாயங்காலம் இந்தத் திட்டு இருக்காது.

இருந்து மூழ்குவதைவிடப் போய் மூழ்கலாம்.

மாத்திரை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன். காலைப் படகுக்குள் இறக்கும்போது வலிக்கும் என்று துணியைக் கடித்துக்கொண்டேன். இறக்கிப் பார்த்தேன், வலிக்கவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடலைமிட்டாயை எறும்பு மொய்த்துவிட்டது. ஊதிவிட்டுத் திரும்ப மடித்துப் பையில் போட்டேன்.

இந்த நோட்டை நனையாப் பையில் வைத்து மேல்சட்டைக்குள் கட்டிக்கொள்கிறேன். எடுக்கிறவர்களுக்கு: என் பெயர் ஜெனோவா. ஒகேனக்கல் மாதேஷைப் பார்த்தால் சொல்லுங்கள்

ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபர் 28, திங்கள். மருத்துவமனை

நர்ஸ் பென்சில் கொடுத்தார். இந்த நோட்டை இன்னும் யாரும் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். திட்டைவிட்டுத் தள்ளியதும் ஆறு என்னைப் பிடுங்கிக்கொண்டு போனது. முதல் வளைவுக்குள்ளேயே கீறல் வழியாக மடியில் தண்ணீர் ஏறியது. படகு கனத்தது, திருப்பினால் திரும்பவில்லை. நான் துடுப்புப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். விழாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கடைசிச் சரிவு வந்தது. நடுவில் யானை கணக்காக ஒரு பாறை. ஆறு அதில் முட்டி இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் வெறும் நுரை, ஆளுயரத்துக்கு அடித்து எழும்புகிற வெள்ளை. இடது பக்கம் வழுவழுவென்று அமைதியாக இறங்குகிற பச்சைத் தண்ணீர். கண் இருக்கிற எவளும் இடது பக்கம்தான் போவாள்.

கீழே கரையில் ஆட்கள்! பெண்கள், ஆண்கள், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு கூட்டம். என்னைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். இடது பக்கம். குதித்துக் குதித்துக் காட்டினார்கள். வாய்கள் திறந்து திறந்து மூடின, ஒரு சத்தம் கேட்கவில்லை. என் துடுப்பு தானாக இடது பக்கம் திரும்பிவிட்டது.

அப்போது அந்தக் கூட்டத்துக்குள் ஒருத்தன் அடிதடியில் இறங்கியிருப்பதைப் பார்த்தேன். ஒரு கை உடம்போடு கட்டியிருந்தது. மற்றக் கையில் துடுப்பு. நீட்டியிருந்த கைகளை ஒவ்வொன்றாகத் துடுப்பால் அடித்துக் கீழே இறக்கினான். ஒரு கிழவரின் கையைக்கூட விடவில்லை. மஞ்சள் ஹெல்மெட்.

உயிரோடு இருக்கிறான் சண்டாளன்!

எல்லாக் கையும் இறங்கியது. அவன் மட்டும் பாறை நுனிக்கு ஓடி வந்து துடுப்பைத் தூக்கி, சாய்த்தான். வலது பக்கம். அந்த நுரைக்குள்.

கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். என் கண் இடது என்றது. அத்தனை பேர் கையும் இடது என்றது. இவன், என் காலை உடைத்த இவன் கை மட்டும் வலது என்றது. போன முறை பயத்தில் ஆபத்தைக் காட்டினவன். இன்றைக்கு அவன் முகத்தில் இருந்தது அதைவிடப் பெரிய பயம். இப்போதும் ஆபத்தைத்தான் காட்டுகிறானா? அந்த நுரைக்குள் போகாதே என்கிறானா?

ஆனால் அவன் அந்தக் கைகளை அடித்து இறக்கினானே. விதியை மறந்தவன் எதற்கு அடுத்தவர் கையை இறக்கப்போகிறான்?

வலது பக்கம் போனேன்.

நுரை என்னை மூடியது. கவிழ்ந்தேன். நிமிர முடியவில்லை, இடுப்புக்குக் கீழே எனக்கு உடம்பே இல்லை. தலைகீழாக இழுத்துக்கொண்டு போனது. பிறகு யாரோ படகைப் பிடித்துப் புரட்டினார்கள். இடுப்பில் கயிறு கட்டிய ஆட்கள், பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசை. என்னை வெளியே இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை.

மீதியைச் சொன்னது ஒச்சம்மாள். அந்த ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். நேற்று பஸ் ஏறி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். மாதேஷ் சனிக்கிழமை அந்தச் சரிவில் இடது பக்கம்தான் போயிருக்கிறான். அந்தப் பச்சைத் தண்ணீர் நேராக ஒரு பாறைக்கு அடியில் நுழைகிறது. படகு உள்ளே போய்விட்டது, இன்னும் வெளியே வரவில்லை. இவன் பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்கித் தோள்பட்டை கழன்று கரையேறியிருக்கிறான். எதிர்க்கரையில் ஊர்ந்து ஊர்ந்து ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்தைச் சேர்ந்திருக்கிறான். கீழே சனிக்கிழமை மத்தியானமே மழை கொட்டி, பாலத்துப் பாதையில் மண் சரிந்து ஜீப்பும் வரவில்லை, தீயணைப்பு வண்டியும் வரவில்லை. என் திட்டுக்கு மேலேயிருந்து இறங்க வழி தேடிப் போனவர்கள் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

"அந்தத் தம்பி அந்தக் கல்ல விட்டு எந்திரிக்கலத்தா," என்றார் ஒச்சம்மாள். "ஆசுபத்திரிக்கு வாயான்னாலும் வரல. தண்ணி ஏறுனா அவ எறங்கிருவா, எனக்குத் தெரியும்ங்குது. கஞ்சி குடுத்தாலும் ஆத்தப் பாத்துக்கிட்டேதான் குடிச்சுச்சு."

"முன்னாடியே சொல்லலையா, கைய நீட்டக் கூடாதுன்னு?"

"சொல்லாம என்ன, ஆயிரம் வாட்டி சொல்லுச்சு. நீங்க நீட்டுன பக்கம் அவ வந்துருவா, யாரும் நீட்டாதீங்கன்னு. சரின்னுதான் நின்டோம். ஒன்னைய அந்தக் கோலத்துல பாத்ததும் அம்புட்டும் மறந்துபோச்சு. அந்தப் பக்கம் போயிராதத்தான்னு கை தன்னால போயிருச்சு. கை கேக்குமா?" முழங்கையைத் திருப்பிக் காட்டினார். துடுப்புப் பட்ட இடம் கன்றிப்போயிருந்தது. "இந்தா பாரு, ஒம் புருசன் போட்ட அடிய. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கை தன்னால போயிருச்சு. அன்றைக்கு மணலில் நின்று அவனும் அதையேதான் சொன்னான்.

அக்டோபர் 29, செவ்வாய்

போர்வை இடது பக்கம் தட்டையாக இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இல்லை. எழுதிவிட்டேன். நேற்று அவ்வளவு பக்கம் எழுதியும் இதை எழுத முடியவில்லை.

அது சேறு இல்லை. திட்டில் அந்தத் திங்கட்கிழமையே எனக்குத் தெரியும்.

எடுக்காவிட்டால் உயிர் நிற்காது என்று டாக்டர் சொன்னாராம். நான் நினைவில்லாமல் கிடந்தேன். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவன் மாதேஷ். அதற்குப் பிறகு அவன் உள்ளே வரவில்லை. "ஒங்க வீட்டுக்காரரு வராண்டாவுலயேதான் நிக்கிறாரு. உள்ள போங்கன்னா மாட்டேங்கிறாரு," என்று நர்ஸ் தினமும் சொல்கிறார். எனக்கும் அவனைக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? மன்னித்துவிட்டேன் என்றா? மன்னிக்கவில்லை. கால் அரிக்கிறது, இல்லாத கால், சொறியக் கையைக் கொண்டுபோனால் மெத்தை. ஒவ்வொரு முறையும் அவன்மேல் ஆத்திரம் வருகிறது. ஒவ்வொரு முறையும் வராண்டாவில் நிற்கிறானா என்று பார்க்கிறேன்.

இன்று மத்தியானம் கதவைத் திறந்து வைத்துவிட்டு நர்ஸ் போய்விட்டார். அவன் வாசலில் நின்றான். தாடி வளர்ந்திருந்தது. தோள்கட்டு அழுக்காகியிருந்தது. என் முகத்தைப் பார்த்தான், தட்டையான போர்வையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"நான் வேணா ஊருக்குப் போயிடறேன் ஜெனோ. உங்க அம்மாவ வரச் சொல்லிட்டேன்."

திட்டில் உட்கார்ந்து என்னவெல்லாமோ சொல்ல வைத்திருந்தேன். கையை மட்டும் நீட்டினேன். கட்டிலில், என் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அவன் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தான். பிறகு வந்து, நான் காட்டிய இடத்தில் உட்கார்ந்தான்.